நாற்பத்தேழு இருக்கு, நூற்று முப்பத்து மூணு இல்லை

கார்த்திகா, வேலு, இந்த வாரப் பத்திரிகைப் பத்தியில் உங்கள் அப்பா செய்த ஒரு திருட்டைப் பற்றி எழுதுகிறேன். கார்த்திகாவுக்குப் பாதி தெரியும். வேலுவுக்கு ஒன்றுமே தெரியாது; அன்றைக்கு அவன் பெரியம்மா வீட்டில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தான். இந்த வருடம் அவனும் அக்கா அன்றைக்கு எழுதிய அதே தேர்வை எழுதப் போவதாகச் சொல்கிறான். அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவதுதான் முறை.

இரண்டு மூன்று கோடைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதுரையிலிருந்து காரைக்குடிக்கு வரும் வாடகை வேன், மேலூரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி இருக்கையில் கார்த்திகா வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். காதில் கம்மல் இல்லை. பின்னல் பாதி அவிழ்ந்து கிடக்கிறது. நான் அவள் பையின் ஜிப்பை ஒவ்வொரு பல்லாக இழுக்கிறேன், சத்தம் வராமல். உள்ளே தண்ணீர் பாட்டில், ஈரக் கைக்குட்டை, அதற்கு அடியில் கேள்வித்தாள் புத்தகம்.

எடுத்தேன். மடியில் வைத்தேன். வியர்வையில் அட்டை கையோடு ஒட்டியது.

பெற்ற மகளிடமே திருடும் அளவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

கேட்க மாட்டேன்

டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வை கார்த்திகா அன்றைக்கு எழுதியது இரண்டாம் முறை. முதல் முறை எழுதிவிட்டு வந்தபோது கேட் தாண்டி அவள் இரண்டு அடி வைக்கவில்லை, நான் போய் நின்று, "எத்தனை வரும் ஆத்தா?" என்று கேட்டேன். தண்ணீர் குடிக்கட்டும் என்று பொறுத்து மறுபடி கேட்டேன். வண்டியில் கேட்டேன். வீட்டில் உங்கள் அம்மா செல்வி கேட்டாள். போனில் அவள் தம்பி, உங்கள் மாமா, கேட்டான். எதிர்வீட்டுக்காரர் கோலப்பொடி வாங்க வந்து கேட்டார். ரிசல்ட் வரும்வரை அந்தப் பிள்ளை எங்களில் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரிசல்ட் வந்த பிறகு பேச என்ன இருக்கிறது.

இரண்டாம் முறை எழுத அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எழுதிட்டு வந்தப்புறம் எப்படி எழுதுனன்னு யாரும் கேக்கக் கூடாது. ரிசல்ட் வர்ற வரைக்கும். கேட்டீகன்னா இதோட விட்டுருவேன். மூணாந்தரமும் எழுதச் சொல்லாதீக, வேற படிப்புக்கும் என்கிட்ட யோசனை கேக்காதீக."

"கேக்க மாட்டேன்."

"அம்மாவும் கேக்கக் கூடாது."

"அவளையும் நான் பாத்துக்கிறேன்."

அன்று மதுரையில் தேர்வு நடந்த கல்லூரி வாசலில் கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தாள். கம்மல் போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது. முழுக்கை கூடாது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பிள்ளையின் சட்டைக் கையை அதன் தாயே கத்தரிக்கோலால் முழங்கைக்கு மேல் வெட்டினார். இடது கை ஒரு நீளம், வலது கை ஒரு நீளம். புதுச் சட்டை. தாய் வெட்ட வெட்ட அந்தப் பிள்ளை வாய்க்குள் ஏதோ சூத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பில் எதையும் ஒளித்துப் போகக்கூடாது என்றுதான் இத்தனை சோதனை. மண்டைக்குள் என்ன போகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

"கேக்க மாட்டீகள்ல?" என்றாள் கார்த்திகா, கம்மலை வைத்த என் கையை மூடிவிட்டு.

"மாட்டேன் ஆத்தா."

சட்டைப் பையில் போட்டுப் பித்தானும் மாட்டினேன்.

வேப்பமரத்தடி

அந்த வேனை எங்களோடு சேர்ந்து பிடித்தவர் முத்தையா அண்ணன். பெயரை மாற்றி எழுதுகிறேன். ஊரை மாற்ற மனம் வரவில்லை. கோட்டையூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர் மகன் பிரபு, கார்த்திகா படித்த அதே டியூசனில் எப்போதும் முதல் மார்க். அவன் படம் போட்ட ஃபிளெக்ஸ் டியூசன் வாசலில் தொங்கும். படத்தில் அவன் சிரிப்பான். நேரில் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நான் பாதி டாக்டர் தம்பி. மீதிப் பாதியை இவன் முடிச்சுருவான்" என்பார் அண்ணன். கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை போட்டிருப்பார்; தூரத்தில் இருந்து பார்த்தால் ஸ்டெதஸ்கோப் மாதிரியே இருக்கும்.

கல்லூரிக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதனடியில் எங்கள் மாதிரி நூறு பேர். உள்ளே பிள்ளைகள் எழுத ஆரம்பித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தொப்பி போட்ட ஒரு ஆள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் மறுபடி எழுதுகிறவர்களுக்கு விடுதியோடு பயிற்சி, இப்போதே சேர்ந்தால் சலுகை.

"ஏம்ப்பா, என் பையன் இன்னும் முதல் பக்கமே தாண்டியிருக்க மாட்டான்" என்றார் முத்தையா அண்ணன்.

"அதுக்குத்தாண்ணே முன்கூட்டியே குடுக்குறோம்" என்றார் தொப்பிக்காரர், மரியாதையாக.

அண்ணன் மூன்று நோட்டீஸ் வாங்கிக்கொண்டார், விசிற ஆகும் என்று. நானும் ஒன்று வாங்கினேன். விசிறத்தான். மடித்துப் பையில் வைத்தது எதற்கென்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் கேட் திறந்தது. பிள்ளைகள் வெளியே வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒருத்தனும் அப்பா அம்மாவைத் தேடவில்லை. நாலு நாலு பேராக வட்டம் போட்டு நின்றுகொண்டார்கள். "அந்தத் தவளைக் கேள்விக்கு என்ன போட்ட?" "மூணா?" "ஐயய்யோ, நான் மாத்திட்டேன்டா!" ஒரு பையன் அந்த வட்டத்தில் சிரித்துவிட்டு அடுத்த வட்டத்தில் அழுதான். வெளி வட்டத்தில் நாங்கள், வாட்டர் பாட்டிலும் பிஸ்கட்டும் கையில் பிடித்தபடி.

கார்த்திகா எந்த வட்டத்திலும் நிற்கவில்லை. நேராக வந்தாள், "தூக்கம் வருதுப்பா" என்றாள், வேனில் ஏறினாள். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எப்படிப்பட்ட வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லில் சோளப்பொரித் தோல் மாட்டியது போல நாக்கு அங்கேயே போய்ப்போய் நின்றது.

சாமான் சரிபார்ப்பு

என் தொழில் உங்களுக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செக்காலையில் வாடகைப் பாத்திரக் கடை. பத்தாம் வகுப்பில் கணக்கில் விழுந்த கையோடு அந்தக் கடையில் டம்ளர் எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்தேன், பின்னால் கடையே என் கைக்கு வந்தது. ஒரு கல்யாணம் முடிந்து சாமான் திரும்பி வந்தால் சரிபார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு ஆள் லிஸ்ட்டைப் படிப்பான். இன்னொரு ஆள் சாமானைத் தொட்டுச் சொல்வான். "பெரிய அண்டா மூணு." "இருக்கு." "வாளி பன்னெண்டு." "பதினொண்ணு இருக்கு, ஒண்ணு இல்லை." வேறு பேச்சுக் கிடையாது.

அதற்கு முன்னால் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து அடியில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும், அது நம் கடைச் சாமான்தானா என்று. மண்டபத்தில் நாலு கடைப் பாத்திரம் கலந்து கிடக்கும். ஒருமுறை வேறு கடை அண்டாவை நம்முடையது என்று ஏற்றி வந்து, அந்தக் கடைக்காரரிடம் தெருவே வேடிக்கை பார்க்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கவிழ்த்துப் பார்க்காமல் ஒரு கரண்டியைக்கூட எண்ணியதில்லை. புதிதாக வருகிற ஆட்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேன் மேலூரைத் தாண்டியபோது முத்தையா அண்ணன் தன் மகனின் கேள்வித்தாளை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பிரபு அவன் கையாலேயே கொடுத்துவிட்டு, காதில் வயரை மாட்டிக் கண்ணை மூடியிருந்தான். ஒவ்வொரு கேள்விக்கும் தான் குறித்த விடைக்குப் பக்கத்தில் பேனாவால் சின்னப் புள்ளி வைத்திருந்தான். டியூசனில் பழக்கியிருக்கிறார்கள்.

"உங்க பிள்ளையும் புள்ளி வச்சிருக்கும் தம்பி" என்றார் மெதுவாக.

"நான் கேக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேண்ணே."

"பிள்ளையத்தானே கேக்கக் கூடாது? பிரபு போட்டது எப்படியும் சரியாத்தான் இருக்கும். அதை வச்சுப் பாத்தா உங்க மனசுக்கு ஒரு நிம்மதி. பிள்ளை தூங்குது. பையில திரும்ப வச்சுருங்க."

இந்த இடத்தில்தான் ஜிப்பை இழுத்தேன்.

காதில் எப்போதும் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துக்கொண்டேன். அண்ணன் பிரபுவின் புத்தகத்தைப் படித்தார், நான் கார்த்திகாவின் புத்தகத்தைத் தொட்டுச் சொன்னேன்.

"ஒண்ணாம் கேள்வி, மூணு."

"இல்லை. இதுல ஒண்ணு."

"ரெண்டாவது, நாலு."

"இல்லை."

"மூணாவது, ரெண்டு."

"இருக்கு!"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தங்கராசு, நம் கடைச் சாமான் ஏற்றிப் பழகியவன், திரும்பாமலேயே, "என்னண்ணே, சாமான் ரொம்பக் குறையுது போலயே" என்றான்.

"ரோட்டைப் பாருடா."

இருந்ததற்கு ஒரு டிக், இல்லாததற்கு ஒரு பெருக்கல் குறி. முதல் பக்கத்திலேயே பெருக்கல் குறிதான் அதிகம். ஆனால் பாதியில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. நூற்றெண்பது கேள்வியும் முடிந்தபோது கணக்கு இப்படி நின்றது: நாற்பத்தேழு இருக்கு, நூற்று முப்பத்து மூணு இல்லை.

என் கடைச் சாமான் எந்தக் கல்யாணத்திலிருந்தும் இப்படித் திரும்பியதில்லை. மழையில் பந்தல் விழுந்த வீட்டிலிருந்துகூட.

அண்ணன் நோட்டீஸின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்தார். சரியான விடைக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு. "அம்பத்தஞ்சு வருது தம்பி." எழுநூற்றிருபதுக்கு. சொல்லிவிட்டு என் தோளில் கையை வைத்தார். அந்தக் கையில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. மறைக்க முயன்றார் என்பதையும் சொல்ல வேண்டும். "மனசைத் தளர விடாதீக. பி.பார்ம் படிக்க வைங்க. நம்ம கடையிலயே உக்கார வச்சுக்கிறேன். சொந்தப் பிள்ளை மாதிரி."

நான் செல்விக்குப் போன் போட்டேன். குரலைத் தாழ்த்தி, "பிள்ளை வந்தா ஒண்ணும் கேக்காதே, அழுகவும் செய்யாதே" என்றேன். அவள் உடனே அழுதாள். அழுதபடியே தம்பிக்குப் போன் போட்டிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் அவன் என்னைக் கூப்பிட்டான். "பிள்ளைய ஒரு வார்த்தை சொல்லிப்புடாதீக மச்சான். திருச்சியில ஒரு நர்ஸிங் காலேஜ்ல ஆள் இருக்கு. நாளைக்கே பேசிருவோம்."

ஆக, வேன் திருப்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் உன் வாழ்க்கையை நாங்கள் இரண்டு விதமாக முடிவுசெய்துவிட்டோம், கார்த்திகா. நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

திருப்பத்தூர் டீக்கடை

பஸ் ஸ்டாண்டு பக்கம் வேன் நின்றதும் அவள் விழித்துவிட்டாள். நான் புத்தகத்தைப் பின்னால் மறைத்தேன். ஆனால் பென்சில் கையில் இருந்தது, முகமும் செத்துக் கிடந்தது.

"என்னது அது?"

நான் எடுத்துக் காட்டினேன்.

"கேக்க மாட்டேன்னு சொன்னீகளேப்பா."

"உன்னைக் கேக்கலையே ஆத்தா" என்றேன். சத்தியமாக இப்படித்தான் சொன்னேன். "புத்தகத்தைத்தான் கேட்டேன்."

அவள் கத்தவில்லை. கையை நீட்டினாள். "கம்மலைக் குடுங்க."

கொடுத்தேன். கண்ணாடி இல்லாமலே மாட்டிக்கொண்டாள், என்னைப் பார்க்காமல். பிறகு புத்தகத்தை வாங்கி என் பென்சில் குறிகளைப் பார்த்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். புருவம் சுருங்கியது. எட்டிப் பிரபுவின் புத்தகத்தை எடுத்து இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"கேள்வித்தாள் கோட் நம்பர் எனக்கு நாப்பத்தாறு. அவனுக்கு நாப்பத்தெட்டு."

"அப்படின்னா?" என்றார் அண்ணன்.

"பக்கத்துல உக்காந்து பாத்து எழுதக் கூடாதுன்னு கேள்வியெல்லாம் மாத்தி மாத்தி அடுக்கியிருப்பாங்க பெரியப்பா. என்னோட ஒண்ணாவது கேள்வி அவனுக்கு முப்பதாவதா இருக்கும். விடையும் இடம் மாறியிருக்கும். நம்பரை வச்சுப் பாத்தா எப்படி ஒத்து வரும்?"

தங்கராசு ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான். "கோட்டையூர்க் கல்யாணச் சாமானைத் திருப்பத்தூர்க் கல்யாண லிஸ்ட்டுல சரிபார்த்திருக்கீக! அடியில எழுத்துப் பாக்கலையாண்ணே?"

பார்க்கவில்லை. நாற்பத்தாறு என்று அட்டையில் கொட்டையாகப் போட்டிருந்தது. கரண்டியைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கிறவன், பெற்ற பிள்ளையின் புத்தகத்துக்கு அட்டையைப் பார்க்கவில்லை.

கார்த்திகா சிரித்துவிட்டாள். கோபத்தோடு வந்த சிரிப்பு. எனக்கு அது போதும், வண்டி கிளம்பட்டும் என்று இருந்தது. முத்தையா அண்ணன் விடவில்லை.

"அப்ப நீங்க ரெண்டு பேருமே கேள்வியப் படிச்சு ஒத்துப் பாருங்க. பிரபு, அந்த வயரைக் கழட்டுடா. வா, டீ குடிச்சுக்கிட்டே பாப்போம்."

பிரபு இறங்கிய விதத்திலேயே எனக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளப் போகிற பிள்ளை மாதிரி இறங்கினான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கார்த்திகா பக்கத்தில் நான். எதிரே அவனும் அவன் அப்பாவும். அண்ணன் விரல் விட்டு எண்ணத் தயாரானார். முதல் கேள்விக்கு இரண்டு பேரும் ஒரே விடை போட்டிருந்தார்கள். இரண்டாவதில் கார்த்திகா, "இல்ல பிரபு, அது அப்படி வராது" என்று ஏதோ விளக்கினாள். அவன் யோசித்து, "ஆமா" என்றான். மூன்றாவதும் "ஆமா". நான்காவதில் அவன் "ஆமா"கூடச் சொல்லவில்லை. டீ கிளாஸைப் பிடித்திருந்தான். டீ அதற்குள் தளும்பிக்கொண்டே இருந்தது. அண்ணனின் விரல் மடங்காமல் அந்தரத்தில் நின்றது.

"என்னடா இது?" என்றார், தாழ்ந்த குரலில். "மூணு தப்பா?"

கார்த்திகா தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் புத்தகத்தைக் குனிந்து பார்த்து, "அடுத்தது சொல்லு" என்றாள்.

"வெப்பநிலை கூடும்" என்றான் பிரபு.

"நானும் அதான் போட்டேன்."

நான் பக்கத்தில்தானே இருந்தேன். கேள்வி ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தது. அவள் புள்ளி வைத்திருந்தது "மாறாது" என்பதற்குப் பக்கத்தில்.

அடுத்ததற்கும் "நானும் அதான்" என்றாள். புள்ளி வேறு இடத்தில் இருந்தது. அதற்கடுத்ததற்கு, "ச்சே, ரெண்டு பேருமே தப்பு பண்ணிட்டோம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவளையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தை மட்டும் லேசாகத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். பத்துப் பன்னிரண்டு கேள்வி போனது. பிரபுவின் கிளாஸில் டீ அசைவது நின்றது.

"போதும் பெரியப்பா. பாதிக்கு மேல ஒண்ணாத்தான் இருக்கு" என்று மூடினாள்.

அண்ணனின் விரல்கள் மடங்கின, முகம் மலர்ந்தது. "சொன்னேன்ல தம்பி? ரெண்டும் ஒரே காலேஜு! ஏம்ப்பா, எல்லாருக்கும் பஜ்ஜி போடு!"

பஜ்ஜி வந்தது. பிரபு தன் பஜ்ஜி இரண்டையும் எடுத்துக் கார்த்திகாவின் தட்டில் வைத்தான். அவள் அதையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

பிறகு

ரிசல்ட்டைக் கேட்டு வாசகர்கள் எழுதுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கார்த்திகாவுக்குக் கிடைத்தது பல் மருத்துவம். இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் இலை போடும் முன்னால் அவளிடம் வாயைத் திறந்து காட்டுகிறார்கள். பிரபு இயற்பியல் படிக்கிறான். எழுதவே விருப்பமில்லாமல் எழுதினேன் என்று, ரிசல்ட்டுக்கு முன்னாலேயே அவனே அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டானாம். அண்ணன் ஒரு மாதம் தன் மருந்துக்கடைக்கே போகாமல் இருந்தார். இப்போது, "ஆராய்ச்சி பண்ணாலும் டாக்டர்தான் தம்பி" என்கிறார். கைக்குட்டை இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. நேற்று செக்காலையில் பிரபுவைப் பார்த்தேன். சிரித்தான்.

வேலு, நீ எழுதிவிட்டு வந்தால் நான் கேட்க மாட்டேன். புத்தகத்தையும் கேட்க மாட்டேன்.

இனி சொல்லப்போவது உங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. தேர்வுக்கு மறுநாள் காலையில் செல்வி கார்த்திகாவை அழைத்துக்கொண்டு கோவிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். வேலுவின் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மறுபடி அதே பை, அதே ஜிப். நான் போட்ட டிக் நாற்பத்தேழு, பெருக்கல் நூற்று முப்பத்து மூன்று. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அவளுடைய பேனாப் புள்ளி மேல் ரப்பர் படாமல், ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு அழித்தேன். "மாறாது" என்ற இடம் வந்தது. அதற்குப் பக்கத்திலும் ஒரு பெருக்கல் போட்டு வைத்திருந்தேன்.

அதையும் அழித்தேன். தூளை ஊதினேன். அட்டையில் நாற்பத்தாறு என்று இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஈரக் கைக்குட்டை இருந்த இடத்துக்கு அடியில், எடுத்த பக்கமாகவே வைத்து ஜிப்பை இழுத்தேன். இந்த முறை சத்தம் வந்தது; வரட்டும் என்று விட்டுவிட்டேன்.